மெஷ்ஷைச் சிறிதாக்கும் முன் நோடுகளைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுவோர் படிக்கும்படி சிமென்ட், கம்பி, எம்-சாண்ட், மண் பரிசோதனை பற்றியெல்லாம் தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. அந்தக் கம்பி எத்தனை மி.மீ., எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று முடிவு செய்கிற கணினி மாதிரியைப் பற்றி வருவது மிக அரிது. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் அடுக்குமாடி, கல்யாண மண்டபம், மேல்நிலைத் தொட்டி, கப்பலூர்ப் பக்கம் எழும்பும் தொழிற்கூடம் என எதை எடுத்தாலும் ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ் போன்ற மென்பொருளில் கணக்குப் போட்ட பிறகுதான் கம்பி வரைபடம் சைட்டுக்கு வருகிறது. மாதிரியில் மெஷ் (கட்டடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) தவறாக விழுந்தால் அந்தத் தவறு அப்படியே கம்பியாகி, கான்கிரீட்டுக்குள் மூடப்பட்டுவிடும். பிறகு யாரும் திறந்து பார்க்க முடியாது.

அந்த மாதிரியைச் செய்யும் இளம் பொறியாளர்களும், அவர்கள் தரும் ரிப்போர்ட்டைக் காசு கொடுத்து வாங்கும் உரிமையாளர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மெஷ் என்பது ஒரு ஸ்லாப்பையோ சுவரையோ சிறு சிறு பிளேட்டுகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு பிளேட்டுக்கும் மூலையில் நோடு எனப்படும் புள்ளி உண்டு. பக்கத்துப் பிளேட்டோடும் பீமோடும் தூணோடும் அது சேர்வது அந்தப் புள்ளிகளில் மட்டும்தான். விளிம்பு நெடுகச் சேர்வதில்லை. ஜன்னல் கிரில்லில் ஒரு கம்பி மேல் இன்னொரு கம்பி கிடப்பதால் அவை சேர்ந்துவிடுமா? வெல்டிங் பொட்டு விழுந்தால்தானே பிடிப்பு. மெஷ்ஷிலும் அப்படித்தான். திரையில் ஸ்லாப் பீமின் மேல் உட்கார்ந்த மாதிரி தெரியும். இரண்டுக்கும் பொதுவான நோடு இல்லாவிட்டால் மென்பொருளைப் பொறுத்தவரை அவை இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

மெஷ் தகராறு செய்தால் நம்மில் பலர் முதலில் செய்வது அதன் அளவைக் குறைப்பது. 1 மீட்டரில் எச்சரிக்கை வந்தால் அரை மீட்டர், அதிலும் வந்தால் கால் மீட்டர். அளவைப் பாதியாக்கினால் பிளேட்டின் எண்ணிக்கை நாலு மடங்காகும். ஓடும் நேரம் கூடும். தவறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மெஷ் தகராறில் பெரும்பகுதி மெஷ்ஷில் பிறப்பதில்லை, அதற்கு முன் வரைந்த கோடுகளில் பிறக்கிறது. ஆகவே தேட வேண்டிய வரிசை வேறு: முதலில் கோடும் புள்ளியும், அடுத்து இணைப்பு, அடுத்து பிளேட்டின் வடிவம், எல்லாவற்றுக்கும் பிறகுதான் அளவு.

கோட்டில் பிழை எப்படி நுழைகிறது? நம் ஊரில் வரைபடம் இன்னும் அடி அங்குலத்தில் பேசுகிறது, மென்பொருள் மி.மீட்டரில் கேட்கிறது. 9 அங்குலச் சுவர் உண்மையில் 228.6 மி.மீ.; நாம் 230 என்று தட்டுகிறோம். 10 அடி 6 அங்குலம் என்பது 3200.4 மி.மீ.; ஒருவர் 3200 என்று போடுகிறார், இன்னொருவர் ஆட்டோகேடிலிருந்து அப்படியே இறக்குகிறார். ஒரு அறையில் 0.4 மி.மீ. ஒன்றுமில்லை. வரிசையாக ஐந்து அறை தாண்டினால் 2 மி.மீ. ஆகிவிடும். மென்பொருளில் நோடுகளை ஒட்டும் வரம்பு 1 மி.மீ. என்று இருந்தால் அங்கே ஒரே இடத்தில் இரண்டு நோடு நிற்கும். கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். மாடி உயரமும் இதே கதைதான். 10 அடி என்பது 3.048 மீட்டர், ஒரு பக்கம் 3.05 என்று போட்டால் தளத்தில் 2 மி.மீ. படி விழுந்துவிடும். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பகுதி மனைகளில் இது இன்னும் கூடுதல். அங்கே மனை நேர்ச் செவ்வகமாக அமைவது அரிது. பின்பக்கம் ஒரு முழம் குறுகலாக இருக்கும், சுவர்க்கோடுகள் கோணலாகச் சந்திக்கும், சந்திக்காமலும் போகும்.

ஆகவே மெஷ் பட்டனை அழுத்தும் முன் செய்ய வேண்டியது சுத்தம். கிரிட் கோடுகளை முழு மி.மீட்டருக்கு வட்டமாக்கி, பீமையும் தூணையும் அந்தக் கோட்டின் மேல் மட்டும் போடுங்கள். கட்டடக்கலைஞர் தந்த படத்தை நேரே மாதிரியாக்காமல் அதன் மேல் புதிதாகக் கோடு இழுப்பது ஒரு மணி நேரம் கூடப் பிடிக்கும். பின்னால் இரண்டு நாள் மிஞ்சும். ஸ்டாட் புரோவில் ஒரே இடத்தில் இரட்டை நோடு, ஒன்றன் மேல் ஒன்று படுத்த பீம், எதிலும் சேராத அநாதை நோடு, நீளமே இல்லாத உறுப்பு, மாதிரி இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தேடித் தரும் கட்டளைகள் உண்டு. ஈடாப்ஸில் ‘செக் மாடல்’ இருக்கிறது. இவற்றை மெஷ்ஷுக்கு முன் ஒரு தரம், மெஷ்ஷுக்குப் பின் ஒரு தரம் ஓட்டுங்கள்.

ஒட்டும் வரம்பைக் கூட்டி எல்லாவற்றையும் ஒரே அடியாகச் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். அது ஆபத்து. நீளமான மண்டபத்தில் இரண்டு பகுதிக்கும் நடுவே 25 மி.மீ. விரிவு இடைவெளி விட்டிருப்போம். வரம்பை 50 மி.மீ. ஆக்கினால் அந்த இடைவெளியின் இரு பக்க நோடுகளும் ஒன்றாகி, தனித்தனியாக அசைய வேண்டிய இரண்டு கட்டடம் ஒரே கட்டடமாகிவிடும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. 10 மி.மீட்டருக்கு மேல் போகாதீர்கள். அதற்கும் சேராத நோடுகளைக் கையால் நகர்த்துங்கள்.

இணைப்புப் பிழைகளில் நம் அலுவலகங்களில் மிக அதிகம் நடப்பது ஸ்டாட் புரோவில் பீமைப் பிரிக்காமல் விடுவது. 6 மீட்டர் பீம், இரு பக்கமும் ஸ்லாப். ஸ்லாப்பை அரை மீட்டர் பிளேட்டாகப் பிரித்தால் பீம் நெடுக 13 நோடு வரும். பீம் ஒரே உறுப்பாக இருந்தால் அது பிடித்திருப்பது இரு முனை நோடுகளை மட்டும். நடுவில் இருக்கும் 11 நோடும் பீமைத் தொடாமல் காற்றில் நிற்கின்றன. ஸ்லாப் நான்கு மூலைத் தூண்களில் மட்டும் தொங்குகிறது. பாரம் முழுவதும் தூணுக்கு நேரே போய்விடுவதால், தாங்கல்கள் திருப்பித் தரும் விசையான மொத்த ரியாக்‌ஷன் கச்சிதமாகச் சரியாகவே வரும். மொத்தம் சரி என்பதை நம்பி ஏமாறுவது இங்கேதான். பாரம் பீமை எவ்வளவு வளைக்கப் பார்க்கிறது என்று காட்டும் மொமென்ட் படத்தைத் திறந்து பாருங்கள். தன் எடைக்கு மட்டும் மொமென்ட் வந்திருந்தால் அந்த பீம் எதையும் தாங்கவில்லை என்று அர்த்தம். அந்தக் கணக்கின்படி கம்பி போட்டால் பீமில் குறைந்தபட்சக் கம்பி மட்டும் விழும். உண்மையான கட்டடத்தில் ஸ்லாப் அந்த பீமின் மேல்தான் உட்காரும்.

தீர்வு, பீமை அந்த நோடுகளில் 12 துண்டாக வெட்டுவது. உறுப்புகள் வெட்டும் இடத்தில் நோடு செருகும் கட்டளை இதற்கென்றே இருக்கிறது. வெட்டிய பிறகு இன்னொரு கவனம் வேண்டும். மென்பொருள் அவற்றை 0.5 மீட்டர் நீளமுள்ள 12 தனி பீமாக எண்ணி, தொய்வுச் சோதனையில் எல்லாம் தேறிவிட்டது என்று சொல்லும். அவற்றை ஒரே உண்மை உறுப்பாகக் குழு சேர்த்த பிறகே வடிவமைப்புக்குப் போக வேண்டும்.

ஈடாப்ஸில் விளிம்பு நோடுகளைத் தானே பிடித்துக் கட்டும் வசதி இருப்பதால் இந்தத் தவறு எளிதில் வராது. அதில் பழகியவர் ஸ்டாட் புரோவுக்கு மாறும்போது அதே நம்பிக்கையோடு மாறுகிறார், அதுதான் சிக்கல். ஈடாப்ஸின் வம்பு வேறு மாதிரி. ஸ்லாப்பை ‘மெம்பரேன்’ என்று கொடுத்தால் அதற்குச் செங்குத்தாக வளையும் விறைப்பே கிடையாது. பாரத்தை மட்டும் பக்கத்து பீம்களுக்குப் பங்கு பிரித்துத் தரும். அதைப் போய் உள்ளே சிறு சிறு பிளேட்டாக மெஷ் செய்தால் நடு நோடுகள் மேலும் கீழும் ஆட ஒன்றும் தடுக்காது, நிலையற்றது என்ற எச்சரிக்கை வரிசையாக விழும். மெம்பரேன் என்றால் உள் மெஷ் வேண்டாம். வளைவை ஸ்லாப்பே தாங்க வேண்டுமென்றால் ‘ஷெல்’ என்று மாற்றி மெஷ் போடுங்கள். ஷெல் என்று கொடுத்துவிட்டு மெஷ் போடாமல் விட்டால் பாரம் முழுவதும் நான்கு மூலைக்கு ஓடிவிடும்.

ஷெல் ஸ்லாப் வைத்த மாதிரியில் மொமென்ட்டில் ஒரு பங்கை ஸ்லாப் எடுத்துக்கொள்வதால் பீமின் கம்பி குறையும். அப்படியானால் ஸ்லாப்பின் கம்பியையும் அதே மாதிரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பீமை ஷெல் மாதிரியிலிருந்தும், ஸ்லாப்பைக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-இன் அட்டவணை 26 தரும் கெழுக்களிலிருந்தும் எடுத்தால் ஒரு பங்கு மொமென்ட் இரண்டு கணக்கிலும் சேராமல் நடுவில் விழுந்துவிடும். மெஷ் சரியாக இருந்தும் கட்டடம் குறைபடுகிற இடம் இது. இதை நான் மெஷ் பிழையோடு சேர்த்தே எண்ணுகிறேன்.

அடுத்து, பக்கத்துப் பக்கத்து அறைகளை வெவ்வேறு எண்ணிக்கையில் பிரிப்பது. இரண்டு அறைக்கும் பொதுவான 4 மீட்டர் பக்கத்தை ஒரு அறையில் 8 ஆகவும் இன்னொன்றில் 7 ஆகவும் பிரித்தால் இரு முனையைத் தவிர ஒரு நோடும் பொருந்தாது. தொய்வுப் படத்தை 200 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் கோட்டில் ஸ்லாப் வாய் பிளந்து நிற்பது தெரியும். முன்கூட்டியே பொது அளவு ஒன்றைத் தேர்ந்தால் இது வராது. 3.6, 4.2, 5.4 மீட்டர் அறைகளுக்கு 0.6 மீட்டர் பொருந்தும்: 6, 7, 9 பகுதிகள். அப்படிப் பொது அளவு அமையவில்லையென்றால் கிரிட்டைச் சில மி.மீ. நகர்த்தி அமைய வைப்பதில் தவறில்லை, 20 மி.மீ. மாறினால் மொமென்ட் மாறிவிடாது. லிஃப்ட் சுவருக்கும் ஸ்லாப்புக்கும் நடுவிலும் இதே பொருத்தம் வேண்டும். தூணின் தலையோ இடையில் முடியும் பீமின் முனையோ பிளேட்டின் நட்டநடுவில் விழுந்தால் அதற்கும் பிடிப்பில்லை. தூண் புள்ளிகளைக் கட்டாயப் புள்ளியாகக் கொடுத்துவிட்டு மெஷ் போடுங்கள்.

ஒரு தளத்தை நகலெடுத்து மேலே ஒட்டும்போது இரண்டு முறை ஒட்டிவிடுவதும் உண்டு. பிளேட் மேல் பிளேட் படுத்து விறைப்பும் எடையும் இரட்டிப்பாகும். கண்டுபிடிக்கக் கால்குலேட்டர் போதும். 150 மி.மீ. ஸ்லாப்பின் எடை சதுர மீட்டருக்கு 3.75 கிலோ நியூட்டன். 12 மீட்டருக்கு 15 மீட்டர் தளம் 180 சதுர மீட்டர். அப்படியானால் 675 கிலோ நியூட்டன். மென்பொருள் 1350 என்று காட்டினால் தேட வேண்டியதுதான்.

வடிவத்துக்கு வருவோம். நீள அகல விகிதம் ஒன்றுக்கு ஒன்று இருந்தால் நல்லது. நாலுக்கு ஒன்றைத் தாண்டாமல் பார்ப்பது நடைமுறை. ஈடாப்ஸ், சாப் 2000 செய்யும் நிறுவனத்தின் கையேடு பத்தை எந்நிலையிலும் தாண்டாதே என்கிறது. மூலைக் கோணம் 45 முதல் 135 டிகிரிக்குள் இருக்கச் சொல்கிறது. 180-ஐத் தொட்டால் பிளேட்டே கிடையாது. குச்சி போன்ற பிளேட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்று பின்தொடர்ந்து போனால் பெரும்பாலும் ஒரு சுவர் பக்கத்துச் சுவரைவிட 20 மி.மீ. தள்ளி வரையப்பட்டிருக்கும், அல்லது கழிவறைக் குழாய்க்கு 100 மி.மீ. ஓட்டை போட்டிருக்கும். அந்த 20 மி.மீட்டரை ஒரே கோடாக்கிவிடுங்கள். ஒரு பிளேட்டைவிடச் சிறிய ஓட்டையை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டு, வரைபடத்தில் அதைச் சுற்றிக் கூடுதல் கம்பி காட்டுங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு: பீம் இல்லாத ஸ்லாப்பில் தூணுக்குப் பக்கத்தில், ஸ்லாப் கனத்தின் பத்து மடங்கு தூரத்துக்குள் ஓட்டை வந்தால் துளைப்பு வெட்டு (தூண் ஸ்லாப்பைத் துளைத்துக்கொண்டு போகப் பார்ப்பது) கணக்கில் அதைக் கழித்தே ஆக வேண்டும் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. மெஷ்ஷில் இல்லை என்பதற்காக அதைக் கணக்கிலும் விட்டுவிடக் கூடாது.

நாலு மூலையும் ஒரே தளத்தில் இல்லாத பிளேட் முறுக்கிக்கொண்டது என்று எச்சரிக்கை வரும். வாகனம் ஏறும் சரிவு, மாடிப்படி, சரிந்த அடித்தளமுள்ள சம்ப் இவற்றில் இது இயல்பு. அந்தப் பிளேட்டை இரண்டு முக்கோணமாக்கினால் தீரும். சமதளத்தில் இதே எச்சரிக்கை வந்தால் முக்கோணமாக்கித் தப்பிக்காதீர்கள். மேலே சொன்ன 3.048-ம் 3.05-ம் அங்கே ஒளிந்திருக்கும்.

இனி அளவு. சாதாரண வீட்டு அறைக்கு ஒரு பக்கத்தில் 6 முதல் 10 பகுதி போதும். ஸ்லாப் கனத்தைவிடச் சிறிய பிளேட்டால் பயன் குறைவு. போதுமா என்று தெரிய, ஒரே மாதிரியை 1 மீட்டர், 0.5 மீட்டர், 0.25 மீட்டர் என்று மூன்று முறை ஓட்டி, நடுத் தொய்வையும் நடு மொமென்ட்டையும் தாளில் எழுதிப் பாருங்கள். கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் வந்தால் பெரிய அளவையே வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையைத் தூண் உச்சியில் செய்யக் கூடாது. பீம் இல்லாத ஸ்லாப் ஒரு புள்ளியில் தூணின் மேல் உட்காரும் இடத்தில் மொமென்ட் ஒவ்வொரு முறை மெஷ்ஷைச் சிறிதாக்கும்போதும் ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. அது மென்பொருளின் பிழை அன்று. பாரம் முழுவதும் அகலமே இல்லாத ஒரு புள்ளியில் இறங்குவதாகச் சொன்னதால் வந்த விளைவு. லிஃப்ட் திறப்பின் உள் மூலையிலும் இப்படியே. அந்த உச்ச எண்ணுக்குக் கம்பி போட்டால் 16 மி.மீ. கம்பி 75 மி.மீட்டருக்கு ஒன்று என்று நெருங்கி, கான்கிரீட் இறங்குவது சிரமமாகும். தூணின் முகத்தில் வரும் மொமென்ட்டை எடுத்து, ஐ.எஸ். 456 சொல்லும் தூண் பட்டையின் அகலத்துக்குச் சராசரி போடுங்கள். 6 மீட்டருக்கு 6 மீட்டர் கட்டத்தில் தூண் மையத்திலிருந்து பக்கத்துக்கு 1.5 மீட்டர், ஆக 3 மீட்டர் பட்டை. துளைப்பு வெட்டைத் தூண் முகத்திலிருந்து பயனுறு ஆழத்தில் பாதி தள்ளிக் கையால் சோதித்துக்கொள்ளுங்கள்.

கட்டடம் முழுவதற்கும் ஒரே ஸ்லாப்பாகப் போடும் ராஃப்ட் அடித்தளத்தில் மெஷ்ஷை மாற்றுவோர் மறக்கக் கூடாதது, மண்ணுக்குப் பதிலாக மாதிரியில் வைக்கும் ஸ்பிரிங். மண் அறிக்கை கன மீட்டருக்கு 20,000 கிலோ நியூட்டன் விறைப்பு என்று தந்திருக்கிறது என்று கொள்வோம். அரை மீட்டர் மெஷ்ஷில் நடு நோடு ஒன்றின் பங்கு 0.25 சதுர மீட்டர். ஸ்பிரிங் மீட்டருக்கு 5000 கிலோ நியூட்டன். விளிம்பு நோடுக்குப் பாதி, 2500. மூலைக்குக் கால், 1250. மெஷ்ஷைக் கால் மீட்டராக்கினால் நடு நோடுக்கு 1250-தான். பழைய 5000-ஐ நகலெடுத்து எல்லா நோடுக்கும் ஒட்டிவிட்டால் மண் நாலு மடங்கு கெட்டியானதாகக் கணக்கு நம்பும். அமிழ்வு கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகத் தெரியும், ராஃப்டின் மொமென்ட்டும் பெரும்பாலும் குறைந்து வரும். இரண்டுமே கேட்க இனிப்பான பொய். ஸ்பிரிங்கைக் கையால் கொடுக்காமல், பரப்பிலிருந்து தானே கணக்கிடும் கட்டளையைப் பயன்படுத்துங்கள்; அழுத்தத்தை மட்டும் தாங்கும் என்றும் குறிப்பிடுங்கள், ஏனெனில் மண் ராஃப்டை இழுத்துப் பிடிக்காது. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கக் கரிசல் மண் மழைக்கு வீங்கி வெயிலுக்குச் சுருங்கும். இந்த ஸ்பிரிங் எதிலும் அந்த வீக்கம் வராது. அதற்குத் தனிக் கணக்கும், வேண்டுமானால் வேறு வகை அடித்தளமும் தேவை.

தண்ணீர்த் தொட்டிச் சுவரில் இரண்டைக் கவனியுங்கள். முதலாவது பிளேட்டின் திசை. நோடுகளை வலச்சுற்றாகக் கொடுத்த பிளேட்டும் இடச்சுற்றாகக் கொடுத்த பிளேட்டும் கலந்திருந்தால் அழுத்தம் சிலவற்றில் வெளியே தள்ளும், சிலவற்றில் உள்ளே இழுக்கும். பிளேட்டின் உள் அச்சுகளைத் திரையில் காட்டச் செய்து எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது உயரத்தில் எத்தனை பிளேட் என்பது. 4 மீட்டர் ஆழத் தண்ணீர் அடியில் சதுர மீட்டருக்கு 39.24 கிலோ நியூட்டன் தள்ளும். மீட்டர் நீளத்துக்கு மொத்தத் தள்ளல் 78.5 கிலோ நியூட்டன். மேலே தாங்கல் இல்லாத சுவரானால் அடி மொமென்ட் 104.6 கிலோ நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு பிளேட்டுக்கும் சராசரி அழுத்தத்தைக் கையால் கொடுத்தால் மொத்தத் தள்ளல் எப்போதும் சரியாக இருக்கும், மொமென்ட் கூடும். உயரத்தில் 2 பிளேட் என்றால் 12.5 சதவீதம், 4 என்றால் 3 சதவீதம், 8 என்றால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. 8 வையுங்கள்.

எஃகு வேலையில் பேஸ் பிளேட், தூக்கு வளையம் போன்றவற்றை முப்பரிமாணமாக மெஷ் செய்கிறவர்களுக்குச் சுருக்கமாக: 10 மி.மீ. தகட்டின் கனத்தில் நேர்விளிம்பு நான்முகி ஒரே ஒரு அடுக்காக வந்தால் அது உண்மையைவிட மிக விறைப்பாக நடந்துகொள்ளும். நடுப்புள்ளி உள்ள இரண்டாம் படி உறுப்பையோ ஷெல்லையோ எடுங்கள். அரை மி.மீ. முனைச் சாய்வுகளை மெஷ்ஷுக்கு முன் நீக்கிவிடுங்கள், பல சமயம் மெஷ் நின்றுபோவது அவற்றால்தான்.

நிலையற்றது என்ற எச்சரிக்கை ஒரு நோடு எண்ணோடு வரும். அந்த நோடில் ஒரு சப்போர்ட்டோ மெல்லிய ஸ்பிரிங்கோ வைத்து வாயடைத்துவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். இல்லாத ஒரு தூணை மாதிரியில் நட்டதற்குச் சமம் அது. அந்த நோடைப் பெரிதாக்கி, எந்தெந்த உறுப்பு அங்கே சேர்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள், ஒன்று குறையும். எச்சரிக்கையே வராத மாதிரியிலும் அதிர்வுக் கணக்கு ஒளிந்த பிழையைக் காட்டிக் கொடுக்கும். மதுரை, நிலநடுக்கத் தரநிலை ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில் ஆபத்து குறைந்த இரண்டாம் மண்டலத்தில் வருவதால் பலர் அதை ஓட்டுவதே இல்லை. ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நிரப்புச் சுவரைக் கணக்கில் சேர்க்காத 15 மீட்டர் உயரக் கான்கிரீட் சட்டகத்துக்கு ஐ.எஸ். 1893 வாய்பாடு தரும் அலைவுநேரம் 0.57 நொடி. மாதிரி 0.8, 1 என்று சொன்னால் யோசிக்கலாம். 6 நொடி என்று சொல்லி, அந்த முதல் அலைவில் மூலையில் ஒரு ஸ்லாப் துண்டு மட்டும் தனியாகப் படபடத்தால் அது எங்கும் ஒட்டவில்லை.

எந்த மென்பொருளையும், எந்தப் புதிய பதிப்பையும் வாங்கிய அன்று செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. நாலு பக்கமும் எளிய தாங்கல் உள்ள 4 மீட்டர் சதுர ஸ்லாப், கனம் 150 மி.மீ., எம்25 கான்கிரீட். மீள்தன்மை எண் ஐ.எஸ். 456 படி 25,000 மெகா பாஸ்கல், பாய்சான் விகிதம் 0.2. தன் எடையைச் சேர்க்காமல் சதுர மீட்டருக்கு 10 கிலோ நியூட்டன் பாரம். தட்டுக் கோட்பாட்டின்படி நடுத் தொய்வு 1.42 மி.மீ., நடு மொமென்ட் மீட்டருக்கு 7.07 கிலோ நியூட்டன் மீட்டர், மொத்த ரியாக்‌ஷன் 160 கிலோ நியூட்டன். அரை மீட்டர் மெஷ்ஷிலேயே இவற்றுக்குச் சில சதவீதம் பக்கத்தில் வர வேண்டும். நாலு மூலையிலும் ரியாக்‌ஷன் எதிர்த் திசையில் வரும், பதற வேண்டாம். ஸ்லாப்பின் மூலை மேலே எழும்பப் பார்ப்பதைத்தான் அது சொல்கிறது. மூலையில் முறுக்குக் கம்பி போடச் சொல்வதும் அதற்காகத்தான்.

கட்டட உரிமையாளர்களுக்கு: நூறு பக்க ரிப்போர்ட்டை நீங்கள் படிக்க வேண்டாம். மூன்று தாள் மட்டும் கேளுங்கள். பெரிதாக்கிய தொய்வுப் படம் ஒன்று. ஸ்லாப் எங்காவது பீமை விட்டுப் பிளந்தோ கிழிந்தோ தெரிந்தால் உங்களாலேயே கண்டுபிடிக்க முடியும். மென்பொருள் தந்த எச்சரிக்கைகளின் முழுப் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தார்கள் என்ற ஒரு வரியும் இரண்டாவது. கையால் கணக்கிட்ட பாரத்தையும் மென்பொருளின் ரியாக்‌ஷனையும், மாடி வாரியாகவும் தூண் வாரியாகவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த தாள் மூன்றாவது. மொத்தம் மட்டும் உள்ள தாளை ஏற்காதீர்கள், காரணம் மேலே இருக்கிறது. இந்த மூன்றையும் தரத் தயங்காத பொறியாளரிடம் நம்பி வேலை கொடுக்கலாம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மென்பொருள்களின் எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் மட்டுமே வருகின்றன. பாலிடெக்னிக் முடித்து வரைபட மேசையில் உட்காரும் நம் பிள்ளைகள் பலர் அவற்றின் பொருள் புரியாமல் ‘ஓகே’ அழுத்தி நகர்கிறார்கள். வாரம் ஒரு எச்சரிக்கையாக எடுத்து, அதன் பொருளையும் தீர்வையும் தமிழில் வெளியிட முடியுமானால் எழுதித் தர எங்களைப் போன்றவர்கள் மதுரையில் இருக்கிறோம். இக்கடிதம் முழுவதுக்கும் இடம் இல்லையென்றால் அந்தச் சோதனை ஸ்லாப்பின் எண்களை மட்டுமாவது வெளியிட்டு உதவுங்கள்: 4 மீட்டர் சதுரம், 150 மி.மீ. கனம், எம்25, பாய்சான் விகிதம் 0.2, சதுர மீட்டருக்கு 10 கிலோ நியூட்டன், நடுவில் 1.42 மி.மீ.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்,
திருநகர், மதுரை.